ஆய்வாளரின் அறிக்கை யாருக்குப் போய்ச் சேர்கிறது? மலாயாத் தோட்டங்களில் மேற்பார்வைச் சட்டத்தின் வரலாறு



லெம்பா பெர்த்தாமைச் சூழ்ந்த மலைச்சரிவுகளில் தேயிலை பயிராகத் தொடங்கி ஒரு நூற்றாண்டு நிறைவெய்தும் காலத்தை நெருங்கிக்கொண்டிருக்கிறோம். 1885இல் நில அளவையாளர் வில்லியம் கேமரன் இம்மலைப்பகுதியைக் குறித்து எழுதினார். 1925இல் சர் ஜார்ஜ் மேக்ஸ்வெல் இங்கு வந்து சென்றபின் வளர்ச்சித் திட்டங்கள் உருப்பெற்றன. 1929இல் ஜான் ஆர்ச்சிபால்ட் ரசல் போ தேயிலைத் தோட்டத்தை நிறுவினார். இந்த வரலாற்றைப் பலரும் அறிவர். அத்தோட்டங்களில் உழைத்தவர்களின் கூலியும் குடியிருப்பும் மருத்துவமும் சட்டப்படி அமைந்திருந்தனவா என்று பார்த்தவர் யார், அவரை நியமித்தவர் யார், பார்த்ததை அவர் யாரிடம் தெரிவித்தார் என்னும் வரலாறோ அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. அதுவே இன்றைய பொழிவின் பொருள்.

சட்டம் உரிமையைத் தரும். அவ்வுரிமை லயத்து வாசல்வரை வந்து சேர்ந்ததா என்று அறிவதற்கு ஒருவர் நேரில் வந்து பார்த்தாக வேண்டும். அப்படிப் பார்ப்பவருக்கு உண்மையை எழுதும் சுதந்திரம் இருக்கிறதா என்பதைப் பொறுத்தே சட்டத்தின் பயன் அமையும். மலாயாத் தமிழரின் நூறாண்டு அனுபவம் இதற்குத் தெளிவான சான்று.

கண்காணி என்னும் சொல்

முதலில் ஒரு சொல்லைப் பார்ப்போம். தோட்டத்து மக்கள் நாவில் வழங்கும் 'கங்காணி' என்பது 'கண்காணி' என்பதன் திரிபு. கண்ணால் கண்டு மேற்பார்ப்பவர் என்பது அதன் பொருள். சோழர் காலக் கல்வெட்டுகளில் கோயில் காரியங்களை மேற்பார்க்கும் பொறுப்பைக் குறிக்க இச்சொல் வருகிறது. பிற்காலத் தோட்டங்களில் அது, ஊரிலிருந்து ஆள்திரட்டி வந்து, அந்த ஆட்களிடமே வேலை வாங்குபவரின் பெயராயிற்று. தாம் கொண்டுவந்த ஆட்கள் வேலைக்குச் சென்ற நாள்களைக் கணக்கிட்டுத் தலைக்காசு பெற்றவர் அவர். ஆட்களின் உழைப்பில் ஆதாயம் பெறுபவரே அவர்களின் நலனையும் கண்காணிப்பவராக இருந்தார். மேற்பார்வையின் அடிப்படைச் சிக்கல் முழுவதும் இந்த ஒரு சொல்லின் வரலாற்றுக்குள் அடங்கியிருக்கிறது.

நம் முன்னோர் இச்சிக்கலை அறியாதவர் அல்லர். காஞ்சிபுரத்தை அடுத்த உத்திரமேரூரில், முதலாம் பராந்தக சோழனின் 12ஆம், 14ஆம் ஆட்சியாண்டுகளில், அதாவது கி.பி. 919, 921ஆம் ஆண்டுகளில் வெட்டப்பட்ட கல்வெட்டுகள் குடவோலைத் தேர்வின் விதிகளைக் கூறுகின்றன. வாரியப் பொறுப்பில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவர் மீண்டும் தேர்ந்தெடுக்கப்படக் கூடாது என்பது அவற்றுள் ஒன்று. அவருடைய உறவினருக்கும் அந்தத் தடை பொருந்தும் என்று உறவுமுறைகளை வரிசைப்படுத்திச் சொல்கிறது கல்வெட்டு. அந்தச் சபையில் எல்லாருக்கும் இடம் இருக்கவில்லை. நிலமும் கல்வியும் உடைய அந்தணர்க்குரிய அமைப்பு அது. ஆயினும், கணக்குக் காட்ட வேண்டியவரும் கணக்கைக் கேட்பவரும் ஒரே வீட்டாராக இருத்தல் கூடாது என்ற கருத்து அதில் உறுதியாக நிற்கிறது.

பாதுகாவலர் காலம்

மலாயாவுக்கு வந்த தமிழ்த் தொழிலாளரைப் பற்றிய ஆய்வுச் சட்டங்கள் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தோன்றின. நீரிணைக் குடியேற்றங்களில் 1884இல் இயற்றப்பட்ட இந்தியக் குடியேற்றச் சட்டம் அவற்றுள் முதன்மையானது. குடியேறிகளின் பாதுகாவலர் என்ற அதிகாரி பினாங்கிலிருந்து இச்சட்டத்தை நடத்தினார். கப்பலிலிருந்து இறங்குவோரைப் பதிவு செய்வதும் ஒப்பந்தங்களைச் சரிபார்ப்பதும் தோட்டங்களைப் பார்வையிடுவதும் அவருடைய கடமைகள்.

பெயரளவில் அவர் பாதுகாவலர். ஆனால் அவர் பாதுகாக்க வேண்டிய ஒப்பந்தத்தின் கீழ், வேலையை விட்டு நீங்கும் தொழிலாளி சிறைக்கு அனுப்பப்படலாம். ஒப்பந்தத்தை நிறைவேற்றித் தரும் அரசும் அதன் கொடுமையைக் கண்டறிய வேண்டிய அரசும் ஒன்றே. இந்தியாவிலிருந்து மலாயாவுக்கு ஒப்பந்தக் கூலிகளைச் சேர்ப்பது 1910இல் நிறுத்தப்பட்டது. அதற்கு அடுத்த ஆண்டில், கூட்டு மலாய் மாநிலங்களின் தோட்டங்களில் தொழிலாளர் இறப்பு விகிதம் ஆயிரத்துக்கு ஏறக்குறைய 63 என்ற அளவில் இருந்தது. மலேரியாவும் வயிற்றுப்போக்கும் பெருங்காரணங்கள். பார்வையிடும் அதிகாரி இருந்த காலத்திலேதான் இத்தனை உயிர்கள் போயின என்பதை நாம் மனத்தில் கொள்ள வேண்டும்.

ஒருவருக்கு இரு கடமைகள்

அதன்பின் 1912இல் தொழிலாளர் சட்டத்தொகுப்பு வந்தது. 1923இல் அது விரிவாகத் திருத்தி இயற்றப்பட்டது. தொழிலாளர் கட்டுப்பாட்டாளர் என்ற உயரதிகாரியின் கீழ்த் தொழிலாளர் இலாகா அமைந்தது. அதன் அதிகாரிகள் தமிழ் கற்க வேண்டியிருந்தது. சிலர் அதற்காகவே சென்னை மாகாணத்துக்கு அனுப்பப்பட்டனர். குடியிருப்பு, குடிநீர், மருத்துவமனை, ஆயாக் கொட்டகை ஆகியவற்றைப் பற்றிய விதிகள் இத்தொகுப்பில் இடம்பெற்றன. ஒரே இனத்தைச் சேர்ந்த, 7 முதல் 14 வயதுவரையுள்ள குழந்தைகள் பத்துப்பேர் இருக்கும் தோட்டத்தில் முதலாளி பள்ளி அமைத்துத் தரவேண்டும் என்ற விதியும் இதில் உண்டு. நம் தோட்டத் தமிழ்ப்பள்ளிகள் பலவற்றின் சட்ட வேர் இதுதான். ஆகவே ஆய்வுச் சட்டத்தின் வரலாறு ஆசிரியர்களாகிய உங்கள் பணியின் வரலாறும் ஆகும்.

முன்னைய நிலையோடு ஒப்பிட்டால் இது பெரிய முன்னேற்றம். எனினும் அமைப்பில் ஒரு குறை இருந்தது. 1907இல் நிறுவப்பட்ட இந்தியக் குடியேற்றக் குழு, முதலாளிகளிடம் வரி திரட்டி, அந்நிதியிலிருந்து தென்னிந்தியத் தொழிலாளரின் பயணச் செலவை ஏற்றது. தோட்டக்காரரும் அரசு அதிகாரிகளும் அதன் உறுப்பினர்கள். அக்குழுவுக்குத் தலைமை வகித்தவர் தொழிலாளர் கட்டுப்பாட்டாளர். தோட்டங்களுக்கு வேண்டிய ஆட்கள் குறைவின்றிக் கிடைக்கச் செய்வது அவருடைய ஒரு கடமை. அந்த ஆட்கள் ஒழுங்காக நடத்தப்படுகிறார்களா என்று பார்ப்பது மற்றொரு கடமை. இரண்டும் மோதும் நேரத்தில் எது விட்டுக்கொடுக்கும்? தனிமனிதரின் நேர்மையைக் குறைத்துச் சொல்லும் கேள்வியல்ல இது. நேர்மையான அதிகாரி ஒருவரை எத்தகைய இடத்தில் சட்டம் அமர்த்துகிறது என்ற கேள்வி.

ஏஜெண்டு என்னும் இரண்டாவது கண்

இந்தியாவில் 1922ஆம் ஆண்டுக் குடிப்பெயர்ச்சிச் சட்டம் நிறைவேறியது. அதன்படி, உடலுழைப்புத் தொழிலாளர் எந்த நாட்டுக்கு, எந்த நிபந்தனைகளின் பேரில் செல்லலாம் என்பதை இந்திய அரசே வரையறுத்தது. 1923 முதல் இந்திய அரசின் ஏஜெண்டு ஒருவர் மலாயாவில் பணியாற்றினார். கோலாலம்பூரில் அவருடைய அலுவலகம் இருந்தது. இலங்கையில் கண்டி நகரிலும் இத்தகைய ஏஜெண்டு ஒருவர் அமர்ந்தார்.

ஏஜெண்டு தோட்டங்களுக்குச் சென்றார்; முறையீடுகளைக் கேட்டார்; ஆண்டுதோறும் இந்திய அரசுக்கு அறிக்கை எழுதினார். தோட்ட முதலாளிக்கு ஆணையிடவோ அவர்மீது வழக்குத் தொடுக்கவோ அவருக்கு அதிகாரம் இல்லை. கண்ட குறையைக் கட்டுப்பாட்டாளரிடம் எடுத்துரைக்கலாம்; அவ்வளவே. அப்படியானால் அவரால் என்ன பயன் என்று மாணவர்கள் கேட்கலாம். பயன் அவருடைய அறிக்கை போய்ச் சேர்ந்த இடத்தில் இருந்தது. அவர் கட்டுப்பாட்டாளருக்குக் கீழ்ப்பட்டவர் அல்லர்; தோட்டக்காரர் சங்கத்துக்குக் கடமைப்பட்டவரும் அல்லர். அவருடைய அறிக்கையைப் படித்த அரசிடம், ஆள் வரவை அடைத்துவிடும் கதவு இருந்தது. திருக்குறளின் ஒற்றாடல் அதிகாரம், ஓர் ஒற்றர் கொண்டுவந்த செய்தியை மற்றோர் ஒற்றரைக்கொண்டு ஒத்துப்பார்க்கச் சொல்கிறது. இலாகாவின் கண்ணுக்கு ஏஜெண்டின் கண் அவ்வாறு ஒத்துப்பார்க்கும் கண்ணாயிற்று.

கேமரன் மலையின் தேயிலைத் தோட்டங்கள் பிறந்தது இந்த இரட்டை மேற்பார்வைக் காலத்தில். தாப்பாவிலிருந்து வளைந்து வளைந்து ஏறிவரும் ஒற்றை மோட்டார்ச் சாலைதான் அன்று இம்மலைக்கு வழி. இத்தகைய தொலைவிடங்களின் கடினத்தைச் சட்டமும் ஏற்றுக்கொண்டிருந்தது. 1920களின் இறுதியில் குடியேற்றக் குழு நிர்ணயித்த நாட்கூலி, எளிதில் சென்றடையும் பகுதிகளில் ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. பகாங்கின் உட்பகுதிகளைப் போன்ற இடங்களில் அது 58, 46 காசாக இருந்தது. ஆனால் தொலைவு கூலியைச் சற்றே உயர்த்தியதுபோல ஆய்வைக் கடினமாக்கவும் செய்யும். ஒற்றைச் சாலையில் ஏறிவரும் அதிகாரியின் வருகை, அவர் வந்து சேரும் முன்பே தோட்டத்துக்குத் தெரிந்துவிடக்கூடும். அவர் துரையின் பங்களாவில் உணவருந்திவிட்டு, கிராணி செக்ரோலைக் காட்ட, கங்காணி அருகில் நிற்க, பெரட்டுக் களத்தில் ஆட்களைப் பார்த்து 'ஏதேனும் குறை உண்டா?' என்று கேட்டால், என்ன விடை வரும்? இல்லை என்ற விடைதான் வரும். அந்த விடையும் ஒழுங்காக அறிக்கையில் ஏறும்.

பொருளாதார மந்தம் வந்தபோது கூலி வெட்டப்பட்டது. பல்லாயிரவர் ஊர் திரும்பினர். 1936ஆம் ஆண்டின் இறுதியில் வி. எஸ். சீனிவாச சாஸ்திரியார் இந்திய அரசின் சார்பில் மலாயாவுக்கு வந்து நிலைமையை ஆராய்ந்தார். 1937இல் வெளியான அவருடைய அறிக்கை, கூலியைப் பழைய 50, 40 காசு நிலைக்கு உயர்த்த வேண்டும் என்றது; கங்காணி முறையில் ஆள்சேர்ப்பதைக் கைவிட வேண்டும் என்றது. அவர் தோட்டக்காரரிடம் மென்மையாக நடந்துகொண்டார் என்று மலாயா இந்தியர் பலர் குறைகூறினர். அக்குறையிலும் நியாயம் உண்டு. ஆனால் அறிக்கை அச்சில் வந்தமையால்தான் அதைக் குறைகூறவும் முடிந்தது. அச்சேறாத அறிக்கையை எவரும் மறுக்க இயலாது.

1938இல் கூலியை மீண்டும் குறைக்கும் முடிவு எடுக்கப்பட்டபோது, இந்திய அரசு அந்தக் கதவை அடைத்தது. அவ்வாண்டு ஜூன் 15 முதல், பிறர் செலவில் உடலுழைப்புத் தொழிலாளர் மலாயாவுக்கு வருவது தடைசெய்யப்பட்டது. ஆணையிடும் அதிகாரமற்ற ஏஜெண்டின் ஆண்டறிக்கைகளுக்குப் பின்னால் இருந்த வலிமை என்ன என்பதை அந்த நாள் காட்டியது.

இந்த முறையின் எல்லையையும் சொல்ல வேண்டும். ஏஜெண்டு வேற்று அரசின் ஊழியர். அவருக்குப் பின்னிருந்த வலிமை, ஆட்கள் புதிதாக வந்துகொண்டிருக்கும்வரை நிற்கும் வலிமை. இங்கேயே பிறந்து, இங்கேயே வாழ்ந்து, இந்நாட்டின் குடிமக்களாகப் போகிறவர்களுக்குத் தில்லியின் மேற்பார்வை நிலையான காப்பு ஆகாது. அவர்களுக்காகப் பேசும் அறிக்கை அவர்களுடைய சொந்த நாடாளுமன்றத்துக்கே போய்ச் சேர வேண்டும்.

பார்ப்பவரைப் பார்ப்பவர்

இங்கே கடல் கடந்து ஒரு சட்டத்தை ஒப்புநோக்குவது பயன்தரும். அமெரிக்கக் கூட்டரசின் அமைச்சுகள் ஒவ்வொன்றுக்குள்ளும் 'இன்ஸ்பெக்டர் ஜெனரல்' என்ற பதவி உண்டு. நம் நாட்டில் அப்பெயர் காவல்துறைத் தலைவரை நினைவூட்டும். அங்கே அது வேறு. ஓர் அமைச்சின் செலவிலும் செயலிலும் முறைகேடு உண்டா என்று அந்த அமைச்சுக்குள்ளேயே இருந்து ஆராயும் தலைமை ஆய்வாளர் அவர். தொழிலாளர் அதிகாரி தோட்டத்தைப் பார்க்கிறார் என்றால், தலைமை ஆய்வாளர் அந்த அதிகாரியின் இலாகாவையே பார்க்கிறார் எனலாம். கட்டுப்பாட்டாளரின் இரு கடமைகள் மோதியபோது மலாயாவில் இல்லாதிருந்தது இத்தகைய ஒரு பதவியே.

அது தோன்றிய கதை பாடமாக வைக்கத்தக்கது. 1962இல், ஒரு பெரிய மோசடியைத் தொடர்ந்து, அமெரிக்க வேளாண் அமைச்சர் தம் ஆணையால் அத்தகைய அலுவலகம் ஒன்றை ஏற்படுத்தினார். 1974இல், பின்வந்த அமைச்சர் ஒருவர் அதைக் கலைத்துவிட்டார். ஆணையால் பிறந்தது ஆணையால் மறைந்தது. இதைக் கண்ட சட்டமன்றம் 1978இல் தலைமை ஆய்வாளர் சட்டத்தை இயற்றியது. அவ்வாண்டு அக்டோபர் 12ஆம் நாள் அதிபர் கார்ட்டர் அதில் கையெழுத்திட்டார். வேளாண்மை, தொழிலாளர் அமைச்சுகள் உட்பட 12 அமைப்புகளுக்கு அது முதலில் பொருந்தியது.

அச்சட்டத்தின் உறுப்புகளைக் கவனியுங்கள். கட்சிச் சார்பு பாராமல், நேர்மையும் திறனும் கொண்டே ஆய்வாளரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அதிபர் நியமிப்பார், செனட் சபை இசைய வேண்டும். பொதுவாக, அமைச்சர் அவருடைய விசாரணையைத் தடுக்க இயலாது. ஆண்டுக்கு இருமுறை அவர் எழுதும் அறிக்கையை அமைச்சர் 30 நாளுக்குள் சட்டமன்றத்துக்கு அனுப்ப வேண்டும். தம் கருத்தை உடன் இணைக்கலாம். அறிக்கையை மாற்ற முடியாது. முறையிடும் ஊழியரின் பெயரை அவருடைய இசைவின்றி வெளியிடலாகாது. ஆய்வாளரை நீக்கும் அதிபர் அதற்கான காரணத்தைச் சட்டமன்றத்துக்குத் தெரிவிக்க வேண்டும். 2008ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி 30 நாள் முன்னதாகவே தெரிவிக்க வேண்டும்.

இவ்வளவு எழுதியும் காப்பு முழுமை பெறவில்லை. 2025 ஜனவரியில் ஏறத்தாழ 17 ஆய்வாளர்கள் முன்னறிவிப்பின்றி நீக்கப்பட்டனர். அது சட்டத்துக்கு மாறானது என்று அவ்வாண்டு செப்டம்பரில் ஒரு கூட்டரசு நீதிமன்றம் கூறியது. ஆயினும் அவர்களை மீண்டும் பதவியில் அமர்த்த ஆணையிடவில்லை. வேலி எழுப்புவது சட்டம். வேலியைக் காப்பது விழிப்புள்ள மக்கள்.

நம் நாட்டின் இன்றைய நிலை

நம் நாட்டில் 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டம் 1957 ஜூன் முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. விடுதலைக்கு மூன்று மாதம் முன்பு. அதன் 65ஆம் பிரிவு, தொழிலாளர் துறைத் தலைமை இயக்குநர் முன்னறிவிப்பின்றி எந்நேரமும் வேலையிடத்துக்குள் செல்லலாம் என்கிறது. அனைத்துலகத் தொழிலாளர் அமைப்பின் 81ஆம் உடன்படிக்கை 1947இல் ஏற்கப்பட்டது. மலேசியா 1963இல் அதை உறுதிப்படுத்தியது. ஆட்சி மாற்றத்தாலும் தகாத வெளித்தலையீட்டாலும் பாதிக்கப்படாத பணிநிலை ஆய்வாளருக்கு வேண்டும் என்று அவ்வுடன்படிக்கை கூறுகிறது. புகார் தந்தவர் யார் என்பதை வெளிவிடக் கூடாது, ஆண்டறிக்கை வெளியிடப்பட வேண்டும் என்றும் அது கூறுகிறது. பெரட்டுக் களத்தில் 'இல்லை' என்று சொல்ல நேர்ந்த தலைமுறைகளின் அச்சத்துக்கு, உலக நாடுகள் கூடி எழுதிய மறுமொழியாகவே இவ்விதிகளைப் படிக்கலாம்.

தோட்டக் குடியிருப்புகளுக்கென 1990இல் 446ஆம் சட்டம் இயற்றப்பட்டது. 2019இல் அது திருத்தப்பட்டு, தோட்டங்களுக்கும் சுரங்கங்களுக்கும் அப்பால் பிற துறைத் தொழிலாளரின் தங்குமிடங்களுக்கும் விரிந்தது. 2023 முதல், கட்டாய உழைப்பைத் தண்டிக்கும் பிரிவு வேலைச் சட்டத்தில் சேர்ந்துள்ளது.

அரசுத் துறைகளைப் பார்ப்பவர் யார் என்ற கேள்விக்கும் நம்மிடம் விடை உண்டு. கூட்டரசு அரசமைப்புச் சட்டத்தின் 105ஆம் விதி தலைமைக் கணக்காய்வாளரின் பதவியைக் காக்கிறது. கூட்டரசு நீதிமன்ற நீதிபதியை நீக்கும் முறையிலன்றி அவரை நீக்க முடியாது. 107ஆம் விதியின்படி அவருடைய அறிக்கை மாமன்னருக்குச் சென்று, மக்களவையின் முன் வைக்கப்படுகிறது. அமலாக்க அதிகாரிகளின் முறைகேடு பற்றிய புகார்களை விசாரிக்க 2009இல் தனிச்சட்டம் வந்தது. அமெரிக்காவைப் போல ஒவ்வோர் அமைச்சுக்குள்ளும் சட்டக் காப்புடைய தலைமை ஆய்வாளர் நமக்கு வேண்டுமா என்பது அறிஞர்கள் விவாதிக்க வேண்டிய பொருள். அதை விவாதிக்கும் எவரும் முதலில் கேட்க வேண்டிய ஐந்து கேள்விகளை நம் தோட்ட வரலாறே கற்பித்திருக்கிறது. ஆய்வாளரை நியமிப்பவர் யார்? நீக்கக்கூடியவர் யார்? முன்னறிவிப்பின்றி அவர் உள்ளே செல்லலாமா? அவரிடம் பேசுபவருக்குக் காப்பு உண்டா? அவருடைய அறிக்கை யாருக்குப் போகிறது, அதை மக்கள் படிக்கலாமா?

ஆசிரியப் பெருமக்களே, 1884, 1912, 1923 ஆகிய ஆண்டுகளின் சட்டங்களை இந்த ஐந்து கேள்விகளோடு மாணவர் முன் வையுங்கள். ஆண்டுகளை மனப்பாடம் செய்வதைவிட அது அவர்களுக்குப் பெரும்பயன் தரும். மாணவர்களே, உங்கள் வீட்டு மூத்தோர் தோட்டத்தில் வேலை செய்திருந்தால், அதிகாரி வந்த நாளில் யார் பேசினார்கள், யார் பேசவில்லை என்று கேட்டு எழுதி வையுங்கள். சட்டநூல்களில் இல்லாத பாதி வரலாறு அவர்களிடம் இருக்கிறது.

இன்று இம்மலையின் தேயிலையையும் காய்கறியையும் பறிக்கும் கைகளில் பல, வங்காளதேசத்திலிருந்தும் நேப்பாளத்திலிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும் வந்த கைகள். அவர்கள் மொழி வேறு. ஆனால் 1923இல் நம் முன்னோர் இருந்த இடத்தில்தான் அவர்கள் நிற்கிறார்கள்: தொலைவிலிருந்து வந்தவர்களாய், வேலை தருபவரின் வீட்டில் குடியிருப்பவர்களாய், குறை சொன்னால் திரும்ப நேருமோ என்று அஞ்சுபவர்களாய். ஆய்வாளர் கேட்கும் கேள்விக்கு அவர்கள் அச்சமின்றி விடை சொல்லக் கூடுமானால், நம் முன்னோர் பட்ட பாட்டிலிருந்து இந்நாடு ஒன்றைக் கற்றுக்கொண்டது என்று பொருள்.